காத்திருக்கிறவன் ஏமாளியா?

அன்பு சான்ற நடுவர் அவர்களே! எங்கள் அணியை 'ஆல் அவுட்' ஆக்கிவிட்டதாக நினைத்து, இப்போது நிம்மதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணித் தலைவி அவர்களே! கள்ளக்குறிச்சிப் பெருமக்களே! வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு என்று கல்வராயன் மலையிலிருந்து வேன் பிடித்து இறங்கி வந்து முன்வரிசையை வளைத்துப் போட்டிருக்கும் தம்பிமார்களே!

தோற்கும் அணிமேல் ரசிகன் வைக்கும் நம்பிக்கை அறியாமையா, ஆற்றலா? ஆற்றலே என்று பேச வந்திருக்கிறேன்.

அம்மையார் என்ன சொன்னார்? "தமிழ் தலைவாஸ்னு ஒரு கபடி அணி. வருஷா வருஷம் வீரர்கள் ஏலம். ஏலம் முடிஞ்ச ராத்திரி எங்க வீட்டுக்காரர், 'இந்த வருஷம் கப்பு நமக்குத்தான்'னு சொல்லிட்டுப் படுப்பார். கப்பு வராது. அடுத்த வருஷம் அதே ஏலம், அதே வசனம். இதுக்குப் பேரு நம்பிக்கையா, மறதியா?" என்று கேட்டார். நீங்களும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நானும்தான் சிரித்தேன். சிரிக்க வேண்டிய விஷயத்துக்குச் சிரித்துவிட வேண்டும். அப்புறம்தான் பதில் சொல்ல வேண்டும்.

அம்மா, மறந்தவன் அடுத்த வருஷம் டிவியைப் போட மாட்டான். உங்கள் வீட்டுக்காரரை எழுப்பிக் கேட்டுப் பாருங்கள். எந்த வருஷம், எந்த ஆட்டத்தில், யார் எப்படிப் பிடிபட்டான் என்று தேதியோடு ஒப்பிப்பார். கல்யாண நாள்தான் மறந்திருக்கும். (சிரிப்பு)

கணக்கை நானே எடுத்து வைக்கிறேன், ஒன்றையும் மறைக்கவில்லை. 2017-இல் தமிழ் தலைவாஸ் புரோ கபடி லீக்கில் நுழைந்தது. லீக்குக்கு அது ஐந்தாவது சீசன். உரிமையாளர்களில் ஒருவர் சச்சின் டெண்டுல்கர். விளம்பரத் தூதர் கமல்ஹாசன். அணித்தலைவர் அஜய் தாக்கூர், அதற்கு முந்தைய ஆண்டு உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஈரானைச் சாய்த்துவிட்டு வந்தவர். கல்யாண மண்டபம் பெரிசு, பந்தல் பெரிசு, மேளம் பெரிசு. பந்தியில் சோறு இல்லை! தன் பிரிவில் கடைசி இடம். 2018-லும் பிரிவில் கடைசி. 2019-இல் பார்த்தார்கள். ராகுல் சவுத்ரி வந்தார், மஞ்சீத் சில்லரும் அஜய் தாக்கூரும் இருக்கவே இருக்கிறார்கள். கபடியில் பெரிய தலை என்று யார் யாரைச் சொல்வோமோ, ஏறக்குறைய எல்லாத் தலையும் ஒரே வீட்டில். முடிவு? 12 அணிகளில் 12-ஆம் இடம்!

அதற்கப்புறம் கொரோனா. 2019 அக்டோபரில் முடிந்த லீக், மறுபடி தொடங்கியது 2021 டிசம்பரில். கடைசி இடத்தில் கிடந்த அணிக்காக இரண்டு வருஷத்துக்கும் மேலே ஒரு ரசிகன் காத்திருந்தான். ஜெயித்த அணிக்குக் காத்திருக்கலாம், அது சாப்பாட்டுக்குப் பிறகு பாயசத்துக்குக் காத்திருப்பது மாதிரி. இது அப்படியில்லை. இலையே போடாத பந்தியில் கை கழுவிவிட்டு உட்கார்ந்திருப்பது.

இவன் ஏன் எழுந்து போகவில்லை? அதுதான் கேள்வி.

இவன் ரசிக்கிற ஆட்டத்தின் சட்டத்தைக் கொஞ்சம் பாருங்கள், நடுவர் அவர்களே. கால்பந்தில் சிவப்பு அட்டை வாங்கியவன் வெளியே போனால் போனதுதான். கிரிக்கெட்டில் அவுட் ஆனவன் காலில் கட்டியதை அவிழ்த்துவிட்டு, குளிர்பானத்தைக் குடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். கபடியில் அப்படியா? தொடப்பட்டவன் வெளியே போய் உட்காருவான். அவன் அணிக்காரன் ஒருத்தன் போய் எதிரியில் ஒருவனைத் தொட்டு வந்தால், வெளியே உட்கார்ந்தவன் எழுந்து உள்ளே வரலாம். முதலில் போனவன் முதலில் வருவான், வரிசை மாறாது. ஏழு பேரும் அவுட் என்றால், எதிரணிக்கு இரண்டு புள்ளி கூடுதலாகக் கொடுத்துவிட்டு, ஏழு பேரும் திரும்பக் களத்துக்குள் வருவான்! நம்ம பாட்டன் பூட்டன் சடுகுடு ஆடின மண்ணில், செத்தவனுக்குத் திரும்ப உயிர் கொடுக்கிற சட்டத்தோடு ஆடினார்கள். அந்த ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்தவனிடம் போய், 'தோத்துட்டான், எழுந்து வா' என்றால் எப்படி வருவான்? அவனுக்கு வெளியே உட்காருவது என்றால் முறைக்குக் காத்திருப்பது என்று அர்த்தம். (கைதட்டல்)

இருங்கள், இருங்கள். கைதட்டலை வாங்கிக்கொண்டு உட்காரலாம்தான். ஆனால் எதிரணி சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் வாத்தியார் இல்லை.

2019-இல் ரசிகன் வைத்த நம்பிக்கை இருக்கிறதே, அது அறியாமைதான். பெயரைப் பார்த்து வைத்த நம்பிக்கை. இந்தக் கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கத்து விவசாயிக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. மரவள்ளி போடுகிறீர்கள். பத்து மாதம் மண்ணுக்குள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. தோண்டும்போதுதான் தெரியும். விலை போகாத வருஷம் உண்டு. ஜவ்வரிசி ஆலை வாசலில் லோடு வண்டி வரிசையில் நின்ற வருஷம் உண்டு. ஆனாலும் மறு வருஷத்துக்கு விதைக்குச்சியை எடுத்து நிழலில் சாத்தி வைக்கிறீர்களே, அது நம்பிக்கை. ஆனால் எந்தச் செடியிலிருந்து எடுக்கிறீர்கள்? இலை சுருங்கி, மஞ்சள் திட்டு விழுந்து தேமல் நோய் வந்த செடியின் குச்சியை, அது எவ்வளவு தடிமனாக இருந்தாலும், விவரம் தெரிந்தவன் விதைக்கு எடுப்பானா? எடுக்க மாட்டான். நட்டால் நோயையும் சேர்த்து நடுகிறோம். ஒல்லியாக இருந்தாலும் இலை தெளிவாக நிற்கிற செடியைப் பார்த்து நறுக்குவான்.

அந்த மாதிரி தெளிவாக நின்ற செடிகளைத்தான் நான் 2022-இல் பார்த்தேன்.

அந்த வருஷம் ஆகஸ்ட் ஏலத்தில் பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்குத் தமிழ் தலைவாஸ் எடுத்தது. அதுவரைக்கும் அந்த லீக்கில் யாரும் கொடுக்காத விலை. தமிழ்நாட்டில் அன்றைக்கு ராத்திரி எத்தனை வீட்டில் கப்பு வந்து இறங்கியது தெரியுமா? அக்டோபர் 8, முதல் ஆட்டம், குஜராத்தோடு. ஆட்டம் தொடங்கிச் சில நிமிடம்தான். பவனுக்கு முழங்காலில் அடி. தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த சீசனே அவருக்கு முடிந்தது. இரண்டே கால் கோடி ரூபாய் நம்பிக்கை, ஒரு கட்டில் மேலே படுத்தபடி மைதானத்தை விட்டுப் போனது.

என் மைத்துனர் ஒருத்தர் கச்சிராயபாளையத்தில் இருக்கிறார். கோமுகி அணைக்குக் கீழே கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் மரவள்ளி. தீவிரமான தலைவாஸ் ரசிகர். அன்றைக்கு ராத்திரி எனக்குப் போன் பண்ணினார். "மாமா, போச்சு மாமா" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. யாருக்கு என்ன ஆச்சோ என்று பயந்து, "யாருப்பா?" என்றேன். "முழங்கால் மாமா" என்றார். (சிரிப்பு)

அப்புறம் நடந்ததுதான் கதை. நரேந்தர் என்று ஒரு பையன். அதுதான் அவனுக்கு முதல் சீசன். ஏலத்தில் அந்தப் பெயரைக் கேட்டு யாரும் வாயைப் பிளக்கவில்லை. பெரிய ஆள் இருந்திருந்தால் அவன் ஓரத்தில்தான் நின்றிருப்பான். அந்தப் பையன் அந்த ஒரே சீசனில் 243 புள்ளி பாடி எடுத்தான். பிடிப்பதற்குச் சாகர், சாஹில் குலியா என்று இளவட்டங்கள். சீசன் நடுவில் பயிற்சியாளர் வேறு மாறினார், அஷன் குமார் வந்தார். தமிழ் தலைவாஸ் முதல்முறையாக அடுத்த சுற்றுக்குள் நுழைந்து, உ.பி. அணியைச் சமன்முறிவில் சாய்த்து, அரையிறுதியில் புனேவிடம் 37-39 என்று இரண்டே புள்ளியில் தோற்றது. இன்றைக்கு வரைக்கும் அந்த அணியின் மிக உயர்ந்த படி அதுதான்.

நட்சத்திரத்தை நம்பியவன் அன்று அக்டோபர் 8-ஆம் தேதியே டிவியை அணைத்தான். அணியை நம்பியவன் டிசம்பர் வரைக்கும் பார்த்தான். அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்களைத் தோற்கடித்த அந்தப் புனே அணியின் ஜாதகத்தையும் பாருங்கள். 2014, 2015, லீக்கின் முதல் இரண்டு சீசனிலும் எட்டில் எட்டாம் இடம். வாங்கிய அடி கொஞ்ச நஞ்சமில்லை. அப்புறம் என்ன செய்தார்கள்? சின்னப் பையன்களை எடுத்துத் தங்கள் பயிற்சியில் வைத்து வளர்த்தார்கள். 2022-இல் இறுதிவரை வந்தார்கள். 2024 மார்ச்சில் அஸ்லம் இனாம்தார் என்ற இளைஞர் தலைமையில் முதல் கோப்பையைத் தூக்கினார்கள். லீக் தொடங்கிப் பத்தாவது சீசனில்!

கபடி மட்டும்தானா? நம்ம சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணி. 2015-இல் ஒரு கட்டத்தில் பட்டியலின் அடியில் கிடந்தது. அந்த டிசம்பரில் சென்னையே தண்ணீரில் மிதந்தது; சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேவுக்குக் கொண்டுபோய் ஆட வேண்டியதாயிற்று. இறுதியாட்டம் கோவாவில், கோவா அணியோடு. 90-ஆவது நிமிடம் நெருங்கும்போது 1-2 என்று பின்னால் நிற்கிறது. கடைசி நிமிடங்களில் இரண்டு கோல். 3-2. கோப்பை! படகில் ஏறிப் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டிருந்த சனங்களுக்கு அந்த மாதத்தில் கிடைத்த ஒரே நல்ல சேதி அதுவாகத்தான் இருந்திருக்கும். அதே அணி 2018-இல் மறுபடி கோப்பை வாங்கியது, மறு சீசனில் பத்தில் பத்தாம் இடத்துக்கு விழுந்தது, அதற்கு மறு சீசனில் திரும்ப இறுதியாட்டம் வரை வந்தது. இங்கிலாந்தில் லெஸ்டர் சிட்டி என்று ஓர் அணி. 2015-இல் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படாமல் மயிரிழையில் தப்பியது. சாம்பியன் ஆவார்கள் என்று பந்தயம் கட்டினால் ஒன்றுக்கு 5000 தருகிறேன் என்றார்கள். 2016-இல் சாம்பியன் ஆனார்கள். பெங்களூர்க் கிரிக்கெட் ரசிகர்களை நாம் எத்தனை கிண்டல் செய்தோம்! 18-ஆவது சீசனில், 2025 ஜூன் 3-ஆம் தேதி வாயை மூடிக்கொண்டோம். அந்த வருஷம் பட்டியலில் கடைசி யார் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு பின்வரிசையில் ஒருத்தர் முறைக்கிறார். (சிரிப்பு)

இனி நம்ம வீட்டுக்கு வருகிறேன்.

அதே மைத்துனர். 2025 மே 16-ஆம் தேதி பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தது. அவர் பையன் கணக்கில் போய்விட்டான். மற்ற நாலு பாடமும் தேறியிருக்கிறான். கணக்கு மட்டும் இல்லை. மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா? "இவன் அவ்வளவுதான். இனிமே இவன்மேலே காசு போடறது வீண். மாட்டைப் பார்த்துக்கட்டும்." பையன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவன் அம்மா என் வீட்டுக்காரியிடம் போனில் அழுதிருக்கிறாள்.

மே 31-ஆம் தேதி மும்பையில் கபடி ஏலம். அன்றைக்கு நான் அந்த வீட்டில் இருந்தேன். சமாதானம் பேசலாம் என்றுதான் போனேன். மனுஷன் டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அர்ஜுன் தேஷ்வால் 1 கோடியே 40 லட்சத்துக்கு மேலே போய் நமக்கு வந்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் முழங்காலோடு போன பவன் ஷெராவத்தும் திரும்ப நமக்கே வந்தார். மைத்துனர் தொடையைத் தட்டினார். "மாமா, எழுதி வச்சுக்குங்க. இந்த வருஷம் நம்மதுதான்!"

பையன் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் கேட்டேன். "மாப்ளே, ஏழு சீசன் கப்பு வாங்காத அணிக்கு எட்டாவது சீசன் கொடுக்கிறே. சரி, தாராளமாகக் கொடு. ஒரே ஒரு பரீட்சையிலே ஒரே ஒரு பாடம் போன பையனுக்கு ரெண்டாவது தடவை கொடுக்க மாட்டியா?"

மனுஷன் பேசவில்லை. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். அவ்வளவுதான் செய்தார். ஆனால் மறு வாரம் பையனை ஒரு டியூஷன் வாத்தியாரிடம் கொண்டுபோய் விட்டிருக்கிறார். ஜூலையில் துணைத் தேர்வு எழுதினான். தேறிவிட்டான். பெரிய மதிப்பெண் ஒன்றும் இல்லை, கரையேறிவிட்டான். இப்போது ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கிறான்.

தமிழ் தலைவாஸ் என்ன ஆச்சு? முதல் ஆட்டத்தில் தெலுங்கு டைட்டன்ஸை 38-35 என்று ஜெயித்தது. அப்புறம் சீசன் நடுவிலேயே பவன் அணியை விட்டுப் போனார். முதல் எட்டு இடத்துக்குள் வர முடியவில்லை. மனுஷன் நம்பின அணி தேறவில்லை, நம்பாத பையன் தேறிவிட்டான்! (பலத்த கைதட்டல்)

எதிரணித் தலைவி குறிப்பெழுதுகிறார். "பாருங்கள், அணிமேல் வைத்த நம்பிக்கை வீண்தானே" என்று அடுத்து வருபவர் சொல்லப்போகிறார். அம்மா, நான் கேட்பது வேறே. அந்த மனுஷனிடம் நம்பிக்கை கையிருப்பே இல்லை என்று நீங்கள் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். மூட்டை மூட்டையாக இருந்தது. பட்டுவாடாவில்தான் கோளாறு. தோற்றவனுக்கு இன்னொரு சீசன் கொடுக்கிற பழக்கம் அவருக்கு எங்கே வந்தது? கபடியில் வந்தது. அந்தப் பழக்கம் இல்லாதவராக இருந்திருந்தால், என் கேள்வி அவருக்கு உறைத்தே இருக்காது. "அணியாவது மண்ணாவது, பையனாவது மண்ணாவது" என்று போயிருப்பார். வள்ளுவர் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என்று நாலு அதிகாரத்தை வரிசையாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாரே, சும்மா வைத்தாரா? நான் முப்பது வருஷமாக அதை வகுப்பில் நடத்துகிறேன். என் மைத்துனர் ஓர் அதிகாரமும் படித்ததில்லை. டிவியில் பார்த்துக் கற்றுக்கொண்டார். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

அணி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ரசிகன் பொறுமையாக இருக்கிறான் என்பதற்காக அவன் தலையில் மிளகாய் அரைக்கக் கூடாது. பெயர் தமிழ், பாடிப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஹரியானா. ஹரியானாப் பிள்ளைகள்மேல் எனக்கு வருத்தமில்லை, நரேந்தரும் அந்த ஊர்ப் பிள்ளைதான், வெயிலில் உழைத்து வந்தவர்கள். ஆனால் தமிழ்நாட்டில் ஆள் இல்லையா? தர்மராஜ் சேரலாதன் நம்ம தஞ்சாவூர் மண். 40 வயது தாண்டி, பாட்னா அணிக்குத் தலைவராக நின்று 2016-இல் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். மணத்தி கணேசன் 1994-இல் ஹிரோஷிமாவில் தங்கம் வாங்கின அணியில் இருந்தவர். அவர் வாழ்க்கையை வைத்து 2025-இல் படமே வந்துவிட்டது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டு. கண்ணகி நகர்ப் பொண்ணு கார்த்திகா இந்திய அணிக்குத் துணைத்தலைவியாக நின்று தங்கம் கொண்டுவந்தது. வடுவூர்ப் பையன் அபினேஷ் ஆண்கள் அணியில் தங்கம் கொண்டுவந்தான். குச்சி தெளிவாகத்தான் இருக்கிறது ஐயா! நிழலில் சாத்தி வைக்கத்தான் ஆள் இல்லை.

இதோ முன்வரிசையில் மலையிலிருந்து வந்திருக்கிறார்களே, இவர்களைப் பாருங்கள். சாமையும் மரவள்ளியும் விளைகிற மேட்டில் ஏறி இறங்கியே கால் இரும்பாகியிருக்கிறது. பொங்கலுக்கு வெள்ளிமலைப் பக்கம் ஓர் ஊரில் இவர்கள் ஆடியதைப் பார்த்தேன். டியூப்லைட் வெளிச்சம், செம்மண், வெறுங்கால். ஒரு பையன் பாடிப் போய் மூன்று பேரை இழுத்துக்கொண்டு நடுக்கோட்டில் வந்து விழுந்தான். இங்கே பரிசு ஆட்டுக்கிடா. ஆனால் தேர்வு நடக்கிற இடத்தில் தரை மண் இல்லை, மேட் விரித்திருக்கும். ஷூ போட வேண்டும். மண்ணில் வழுக்கி நிற்கப் பழகிய கால், மேட்டில் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள் தேர்வில் பாதி ஆட்டம் அந்தக் காலைப் பழக்குவதிலேயே போய்விடும். திறமை குறைவால் திரும்பி வரவில்லை. தரை வேறாக இருந்ததால் திரும்பி வருகிறார்கள். மலைமேலே ஓர் ஊரில் நாலு மூலையும் விரிக்க ஒரு மேட் இருந்தால், அங்கே வாரத்தில் மூன்று நாள் ஒரு பயிற்சியாளர் ஏறி வந்தால், ஏலம் முடிந்த ராத்திரி என் மைத்துனர் தொடையைத் தட்டுவதற்கு இன்னும் நல்ல காரணம் இருக்கும். பெரிய ஆளுக்குக் கொடுக்கிற கோடியில் எத்தனை மேட் வாங்கலாம் என்று கணக்கு வாத்தியார்கள் யாராவது போட்டுச் சொல்லுங்கள்.

மணி அடித்துவிட்டார்கள். இரண்டாவது மணி. நடுவர் ஐயா என்னைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்க்கிறார். எதிரணி பக்கம்தான் தீர்ப்பு சாயும் போலத் தெரிகிறது. அம்மையார் அப்படிப் பேசியிருக்கிறார். பரவாயில்லை. இந்த நடுவர் முன்னால் நான் இதுவரை ஆறு பட்டிமன்றம் பேசியிருக்கிறேன், ஆறிலும் எங்கள் அணிதான் தோற்றது. அடுத்தது சின்னசேலத்தில் என்று கேள்விப்பட்டேன். தேதி சொல்லுங்கள் ஐயா, வந்துவிடுகிறேன்.